உருளைக்கு வந்த மெயில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

செவ்வாயன்று அலுவலக மெயில் சர்வரில் வரலாறு காணாத முடிவொன்றை எடுத்தேன். இங்கே இல்லாத பெயர்களுக்கு வரும் மெயில்கள் இனித் திரும்பிப் போகாமல், மேனேஜருடைய பெட்டியில் விழும்படி செய்தேன். முதலில் விழுந்தது உன்னுடையது. முகவரியில் என் பெயருக்குப் பதில், வீட்டில் கூப்பிடும் 'உருளை'யைப் போட்டிருந்தாய்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் படித்தார்: "உருளை, மலச்சிக்கல் சரியாச்சாடா?" பிறகு, "யாருப்பா இங்க உருளை?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "அப்படி யாரும் இல்ல சார்" என்றேன். அன்றிலிருந்து உனக்குப் போன் செய்யக் கூசுகிறது.

நீ கேட்டது சரியாகிவிட்டது அம்மா. இங்கே போர்வை போதவில்லை. உன் பழைய புடவை ஒன்றை அனுப்பு. அவசரத்தில் முடிக்கிறேன்.

உன்
உருளை

பி.கு.: அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று மேனேஜர் உனக்குப் பதில் அனுப்பிவிட்டார்.