இதமான சுவர்

டிசம்பர் 5, வெள்ளி

இன்றும் சமையல் பாதியில் கரண்ட் போனது. புது மின்சார அடுப்பின் நாலு சூட்டுத் தட்டுகளில் இரண்டை ஒன்றாகப் போட்டால் போதும், வாசல் பக்கத்து போர்டில் பிரேக்கர் சுவிட்ச் டப்பென்று விழுந்துவிடுகிறது. மரக்குச்சியால் தூக்கிவிட்டு வந்தேன். கையால் தொட மாட்டேன். மனைவி வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். கேஸ் வெடித்துவிடும் என்று நான் பயந்து செத்ததால்தான் இந்த அடுப்பே வந்தது. இப்போது இதற்கும் பயமா என்கிறாள்.

ஆமாம், இதற்கும்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

மனைவியின் தம்பி வந்தான். பழைய பிரேக்கரைக் கழற்றிவிட்டு, அதிகக் கரண்ட் தாங்கும் பெரியதாக ஒன்றை மாட்டினான். "இனிமே விழாது அத்தான், நிம்மதியா சமைங்க" என்றான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு தட்டிலும் ஏற்றி ஒரே மூச்சில் சமைத்து முடித்தாள்.

வயரையும் மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். அதெல்லாம் வீடு கட்டும்போதே போட்டது, இரும்பு மாதிரி இருக்கும் என்றான். எனக்குத் தெரியாத விஷயம். வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 10, புதன்

இன்றும் விழவில்லை. அதுவே ஏனோ உறுத்துகிறது.

டிசம்பர் 13, சனி

மாமனார் இப்போதெல்லாம் முதுகுவலி என்று முனகுவதில்லை. கூடத்துச் சுவரை ஒட்டி அவர் கட்டில். சாப்பிட்டதும் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். வலி தேவலையா என்று கேட்டேன்.

"இந்தச் சுவர் இதமா இருக்கு மாப்பிள்ளை. ஒத்தடம் குடுத்த மாதிரி."

தொட்டுப் பார்த்தேன். அவர் தலைமாட்டிலிருந்து சமையலறைப் பக்கமாக, கோடு இழுத்ததுபோல் சூடு. அடுப்பு அந்தப் பக்கம் இல்லை. அந்தச் சுவருக்குள் ஓடுவது அடுப்புக்குப் போகும் வயர் மட்டும்தான்.

ஐயோ, பிரேக்கர் விழுந்ததே நம்மளக் காப்பாத்தத்தானே? தாங்கல, தாங்கலன்னு கத்திச்சு. வாயை அடைச்சுட்டோம் — அவர் தலைக்குப் பின்னால —

ஓடிப்போய் பிரேக்கரை அணைத்தேன். குச்சியைத் தேடவில்லை.

மனைவியைக் கூட்டி வந்து காட்டுவதற்குள் சுவர் ஆறிவிட்டது. உங்கள் பயத்துக்கு ஒரு அளவே இல்லையா என்றாள். தம்பிக்கு போன் செய்தேன், அவனுக்குக் கோபம். எப்போதும் பயப்படுகிறவன் பேச்சு எடுபடுமா? கட்டிலை நானே இழுத்துத் தள்ளிப் போட்டேன். அடுப்பைத் தொடக் கூடாது என்று கத்தினேன். இந்த வீட்டில் நான் கத்தியது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 14, ஞாயிறு

மாமனார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி உர்ரென்று வந்தான். கட்டிலைப் பழைய இடத்தில் போட்டு அவனை உட்காரச் சொன்னேன், அவன் அப்பா சாயும் இடத்தில். மனைவி நாலு தட்டிலும் தண்ணீர் வைத்தாள். சுண்டச் சுண்ட ஊற்றினாள். நான் போர்டில் விரலை வைத்தபடி நின்றேன். பற்றிக்கொண்டால்?

அவன் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனைக் கீழே வைத்தான். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தடவினான்.

"அத்தான், அணைச்சிடுங்க."

அவனே பூச்சை உடைத்தான். வயரின் உறை கறுத்துப் போய், விரல் பட்டதும் உதிர்ந்தது. தலையணைக்கு நேர் பின்னால். "அப்பா இங்கதானே..." என்றவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

எலக்ட்ரீஷியன் வந்தார். அடுப்பின் அடியில் எழுதியிருந்ததைப் படித்து, அது இழுக்கும் கரண்ட்டுக்கு ஏற்ற தடித்த வயரைத் தனியாக இழுத்தார். அந்த வயருக்கு ஏற்ற பிரேக்கரை மாட்டினார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். மனைவி சிரிக்கவில்லை. நான் கேட்க மறந்ததை அவள் கேட்டாள்.

டிசம்பர் 20, சனி

நாலு தட்டிலும் சமையல். மாமனாரிடம் ரிப்பேர் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன மாப்பிள்ளை, ரிப்பேர்ங்கிற பேர்ல நல்லா இருந்த சுவரைக் கெடுத்துட்டீங்களே. சில்லுனு கிடக்கு."

வெந்நீர்ப் பை வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் முதுகைச் சாய்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. வெகுநேரம் எழுந்திருக்க மனசே வரவில்லை.