ஓடையைக் கடக்கச் சொன்ன திட்டம்

என் பிரியத்துக்குரிய வேலம்மா,

இந்த ஐப்பசியிலும் மலையில் பேய்மழை. மூன்று நாள் ஓடை வடியவே இல்லை. ஆனால் உங்கள் பளியர் குடியிருப்பில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் இதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன்.

தாலுகா அலுவலகத்தில் வெள்ளக்காலத் திட்டம் எழுதுவது என் வேலை. அதற்காகத்தான் முதன்முதலில் குற்றாலத்து மலையேறி உங்களிடம் வந்தேன். வந்து என்ன செய்தேன்? தட்டச்சு செய்து கொண்டுவந்ததை வாசித்துக் காட்டினேன். கனமழை எச்சரிக்கை வந்தால் எல்லோரும் அடிவாரப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நீதான் எழுந்தாய்.

"மேடம், பள்ளிக்கூடம் ஓடைக்கு அங்கன இருக்கு, எங்க வீடு இங்கன இருக்கு. மழை பெஞ்சா மொதல்ல பெருகுறதே ஓடைதான். அதுல எறங்கியா வரச் சொல்லுதிய?"

"எச்சரிக்கை முன்னாடியே வந்துரும்மா."

"ஒங்களுக்கு வரும். எங்களுக்கு?" என்று மேலே கையைக் காட்டினாய். "அந்தப் பாறைக்கு அடியில பெரிய பொடவு இருக்கு. எங்காளுக மழைக்கு அங்கனதான் ஏறுவாக. அரிசியும் தார்ப்பாயும் முன்னாடியே குடுத்து வச்சா போதும்."

குறித்துக்கொண்டேன். ஆனால் படிவத்தில் 'தங்குமிடம்' என்று வருகிற இடத்தில் பாறைக் குகையை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நானே முடிவு செய்து, பள்ளிக்கூடத்தையே எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதானே நாம் பழகியது. தேன் விற்கத் தென்காசிக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கும் வருவாய். மேடம் போய் அக்கா ஆனேன். எழுதினாயா என்று நீ கேட்கவே இல்லை. எழுதியிருப்பேன் என்று நம்பிவிட்டாய் போல.

போன ஐப்பசியில் எச்சரிக்கை வந்த அன்று காலையில் உனக்குப் போன் செய்ததும் நான்தான்.

"ஓடைச் சத்தம் மாறிட்டுக்கா. நாங்க மேல போயிருதோமே?"

"உத்தரவு வந்துட்டு வேலம்மா. கீழ ஜீப் நிக்கி. எல்லாரையும் எறக்கு."

"சரிக்கா. நீங்க சொல்லுதிய, எறங்குதோம்."

கயிறு கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நடுவில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாக நீ அக்கரைக்குக் கைமாற்றினாயாம். எல்லோரும் கரையேறிவிட்டார்கள். நீ திரும்பும்போது ஒரு மரம் அடித்துக்கொண்டு வந்து உன்னையும் கொண்டுபோய்விட்டது.

உன் கணவர் மாடசாமி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து நானே மலையேறிப் போய், நீ சொன்னதை எழுதாமல் விட்டதைச் சொன்னேன்.

"இப்பவாவது எழுதுவியளா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து எழுதினேன். நடக்க முடியாதவரை யார் தூக்குவது, அரிசி நனையாமல் எங்கே இருக்கும், எல்லாம் பெண்கள்தான் சொன்னார்கள். எப்போது ஏறுவது என்பதை இனி நீங்களே முடிவு செய்வீர்கள். எங்களுக்குத் தகவல் மட்டும் தருவீர்கள். அந்தத் தாளைப் பயந்துகொண்டே அதிகாரியிடம் நீட்டினேன். "பாறை உறுதியானதுதானே?" என்று கேட்டார். "நேர்ல பாத்தேன் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான், வேலம்மா. அவ்வளவு சுலபமாக இருந்தது.

இந்த மழையில் போன் செய்தது மாடசாமி. "மேடம், நாங்க ஏறிட்டோம். நீங்க கீழ உள்ளவங்களைப் பாருங்க." போனை வைத்துவிட்டு அலுவலகத்திலேயே அழுதேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஓடையின் சத்தம் தெரிந்தவள் நீ. அன்று ஏன் என் பேச்சைக் கேட்டாய்? உத்தரவு என்றா, அக்கா சொல்கிறாள் என்றா?

அடுத்த மாதம் இன்னொரு மலைக் குடியிருப்புக்குத் திட்டம் எழுதப் போகிறேன். இந்தத் தடவை எதையும் எழுதி எடுத்துப் போக மாட்டேன். அவர்கள் சொல்வதை எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மலையிறங்குவேன். இது உன்மேல் சத்தியம்.

நீ நம்பிய உன் அக்கா,
ரஹ்மத்