மஞ்சள் கட்டை

இஞ்சேருங்கோ,

நான் அம்மாவோட பொலிஸ் ஸ்டேசனுக்குப் போறன். என்ரை தம்பியைப் புறக்கோட்டைச் சுற்றிவளைப்பில பிடிச்சு இண்டைக்கு இருபத்திமூண்டு நாள். நேற்றும் பிடிபட்டவையின்ரை லிஸ்டில பேர் இல்லையாம். அரைநாள் வேலை முடிஞ்சு வந்தவுடன சாப்பிடுங்கோ. சோறும் பருப்பும் மூடி வைச்சிருக்கு.

நாலு மணிக்கு என்ரை இங்கிலிஷ் வகுப்புப் பிள்ளையள் வருவினம். சொல் எழுதின கலர்க் கட்டைப் பெட்டி அலுமாரிக்குள்ள; அதைப் பூட்டின திறப்பு மேசையில. கட்டையளை அடுக்கி வசனம் செய்ய விடுங்கோ. நீலத்தில பேர், பச்சையில குணம், நடுவில மஞ்சள். மஞ்சளில ஒரு பக்கம் இப்ப இருக்கிறதுக்கு 'இஸ்', மற்றப் பக்கம் முந்தி இருந்ததுக்கு 'வொஸ்'. அதை விட்டிட்டு அடுக்கிறதுதான் எங்கட பிள்ளையளின்ரை வழமையான பிழை. தமிழில அது தேவையில்லைத்தானே.

காலமை பக்கத்து வீட்டு மிஸ்ஸிட்ட தம்பியைப் பற்றி, "ஹி வொஸ் எ குட் போய்" எண்டனீங்கள். உங்களுக்கு இங்கிலிஷ் பிழைக்காது. அதுதான் உங்களோட கதைக்காமல் இருந்தனான்.

மலர்

பி.கு.: மஞ்சள் கட்டையைத் தேடாதேங்கோ. நேற்று வகுப்பில என்ரை கையே அதை 'வொஸ்' பக்கம் திருப்பிப்போட்டுது. அது என்ரை ஹான்பாக்கில கிடக்கு. பிள்ளையள் அது இல்லாமலே அடுக்கட்டும். இண்டைக்கு ஒருத்தரையும் திருத்தவேண்டாம்.