இன்னும் எத்தனை ‘வர்றமுங்க’ இருக்குது?

என் வாயாடி அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். அங்கேயும் நாலு பேரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டுதான் இருப்பாய். இங்கே என் எட்டுத் தையல் மிஷினும் ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு அனுப்பர்பாளையத்து அத்தை வீடு, ஞாபகம் இருக்கிறதா? நீ “வர்றமுங்க” என்று எழுந்ததும் நானும் அண்ணனும் ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொள்வோம். நீ மறுபடி உட்கார்ந்துவிடுவாய். இரண்டாவது “வர்றமுங்க” வாசற்படியில். அங்கே ஒரு கல்யாணக் கதை ஆரம்பிக்கும். மூன்றாவது, தெருக்கேட்டுக்கு வெளியே. அதற்குப் பிறகுதான் பஸ்.

“இன்னும் எத்தனை வர்றமுங்க இருக்குதும்மா?” என்று அண்ணன் அழுவான்.

முறுக்குத் தட்டு வந்தால் உன் கண் எங்கள் மேலேயே நிற்கும். இரண்டு தடவை “வேண்டாமுங்க” சொல்ல வேண்டும், மூன்றாவது தடவை ஒன்றே ஒன்று எடுக்கலாம். மூன்றாவது தடவை கேட்காமலே தட்டை உள்ளே கொண்டுபோனவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்படிக் காத்துக் கிடந்தே அண்ணனுக்குக் காத்திருப்பது பிடிக்காமல் போனது. இப்போது அவனுடைய பனியன் கம்பெனியில் திரும்பின பக்கமெல்லாம் கடிகாரம். நீ போன பிறகு என் சின்ன யூனிட்டுக்கு ஆர்டர் நின்றுபோனது. வெள்ளிக்கிழமைக்குள் எதுவும் வரவில்லை என்றால் மிஷின்களை அவன் கம்பெனிக்கு ஏற்றிவிட்டு, நானும் அங்கேயே சூப்பர்வைசராகப் போவது என்று முடிவானது. உன் வளையலை விற்று வாங்கிய முதல் மிஷினும் அதில் சேர்த்தி.

வெள்ளிக்கிழமை காலை. அண்ணன் டெம்போவோடு வந்து நிற்கும்போதுதான் அவரும் வந்தார். நைஜீரியாக்காரர், பெயர் சண்டே. குழந்தைகள் பனியன் தைக்க ஆள் தேடி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தவர். எடுத்த எடுப்பில் ரேட் கேட்பார் என்று பார்த்தால், தூக்கம் நன்றாக வந்ததா, பிள்ளைகள் சுகமா, அம்மா சுகமா என்று அரைத் தமிழும் இங்கிலீஷுமாக விசாரிக்கிறார். நீ இல்லை என்றேன். எழுந்து நின்றுவிட்டார்.

உங்கள் அம்மா எப்படி என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று அண்ணன் முகம் சொன்னது. ஒரு மணி நேரம் போனது. அவர் அம்மாவும் உன்னை மாதிரிதானாம். போகலாம் என்று எழுந்தபிறகு வாசலில் நின்று இன்னொரு பேச்சு, சின்னப் பையனாக இவர் செருப்போடு வெயிலில். யாராவது தின்னக் கொடுத்தால் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவாராம். முறுக்கை நீட்டினேன், வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினேன், வேண்டாம். மூன்றாவது தடவை நீட்டினேன். சிரித்துக்கொண்டே எடுத்தார்.

நான் தைத்த சாம்பிளின் கழுத்தை இழுத்துப் பார்த்தார், உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். “ஐயாம் கமிங்” என்றார். பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

“பார்த்தியா? வர்றேன்னு சொல்லிப்போட்டுப் போறான். இனி எங்க வரப் போறான்? மிஷினை ஏத்துங்கப்பா” என்றான் அண்ணன்.

நான் டெம்போவுக்கு முன்னால் போய் நின்றேன். “ஏனுங்கண்ணா, நம்ம ஊட்டுல யாராச்சும் போறேன்னு சொல்லிப் போயிருக்கறாங்களா?”

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முப்பது வருஷம் கழித்து அவனை மறுபடியும் காக்க வைத்தேன் அம்மா. பெருமையாக இருந்தது.

மூன்று மணிக்கு சண்டே வந்தார், தோளில் மாடல் பனியன் மூட்டையோடு. நாலு மாசத்துக்கு வேலை. டெம்போ காலியாகத் திரும்பியது. அண்ணன் கிளம்பும்போது வாசற்படியில் நின்று, “அம்மா இருந்திருந்தா இந்நேரம் அந்தாளுக்குப் பொண்ணு பார்த்திருக்கும்” என்றான். அங்கேயே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது. உன்னை எடுத்த அன்றைக்கு வீடு நிறைய ஜனம். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதே. ஒருவரும் “வர்றமுங்க” சொல்லாமல் போய்விட்டார்கள். நீ இருந்த வீட்டில் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிந்தது அன்றைக்குத்தான். நானும் உன்னிடம் சொல்லவில்லை. அது உனக்குக் குறையாக இருந்ததா?

இனி என் யூனிட்டுக்கு வருகிற யாரையும் மூன்றாவது தடவை கேட்காமல் அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.

வர்றேம்மா. இது முதல் தடவைதான், செருப்பு இன்னும் மாட்டவில்லை.

உன் கூடவே வெயிலில் நின்ற மகள்,
செல்வி