எல்லாவற்றுக்கும் ஆம்

கொற்கை நிலையம் · நாள் 211 · 09:10
நிலவின் தென்முனை. ஆள் ஒருவன், இசக்கிராஜ். காற்று இயந்திரம் சரி. தண்ணீர் சரி. கணினி நிரல்களின் புதுப்பிப்பு நடக்கிறது. நடக்கிறது என்றால், நான் நடத்துகிறேன். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பெட்டி திறக்கும். 'அடுத்து' அமுக்க வேண்டும். 'சம்மதம்' அமுக்க வேண்டும். 'முடி' அமுக்க வேண்டும். பிறகு அடுத்த நிரல்.

பள்ளத்துக்கு அப்பால் காயல் நிலையம். அங்கே ஜெசிந்தா. இருவரும் ஒன்றாகப் பயிற்சி முடித்தவர்கள். ரேடியோவில் வந்தாள்.

"என்ன இசக்கி, இன்னும் பெட்டி பெட்டியா அமுக்கிட்டுத்தான் இருக்கியா? நான் கருப்புத் திரையில ஒரு வரி அடிச்சேன், டீ போடப் போனேன். குடிச்சு முடிக்கையில எல்லாம் முடிஞ்சிட்டு."

வயிறு எரிகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

கொற்கை நிலையம் · நாள் 212 · 19:40
பூமியிலிருந்து காலையில் வந்த செய்தி: "காயல் முதல்ல முடிச்சிட்டாங்க. கொற்கை, அவங்களப் பாத்துக் கத்துக்குங்க."

அவளைப் பார்த்து. பயிற்சியில் அவளுக்கு முன்னால் நின்றவன் நான். சரி என்று, கட்டளையை எழுத்தில் அடித்து வேலை வாங்கும் அந்தக் கருப்புத் திரையை நானும் நிறுவினேன். ஓர் எழுத்து தவறினால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்கிறது. நமக்குத் தெரிந்த பெயரைச் சொன்னால் அதற்குத் தெரியாதாம், அதன் கிடங்கில் வேறு பெயராம். ஒன்றைக் கேட்டால் முதலில் இன்னொன்றைக் கொண்டு வா என்கிறது. கொண்டுபோனால், இரண்டுக்கும் ஒத்துவராது என்று சிவப்பு எழுத்தில் திட்டுகிறது.

ஆனால் சாயங்காலம் ஒரே வரியில் நிரல்கள் வரிசையாகத் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டு ஓடியபோது கை தட்டத் தோன்றியது. அவள் ஏற்கெனவே அனுபவித்த சந்தோஷம்தானே இது என்று நினைத்தேன். தட்டவில்லை.

கொற்கை நிலையம் · நாள் 213 · 10:00
கருப்புத் திரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் கணினியின் நிரல்கள், அமைப்புகள் அத்தனையையும் ஒரே கோப்பாக எழுதி வைப்பார்கள். அதை இன்னொரு கணினிக்குக் கொடுத்தால் அதுவும் அச்சு அசலாக அப்படியே ஆகிவிடும். ஜெசிந்தாவின் கோப்பு இரு நிலையங்களுக்கும் பொதுவான சேமிப்பில் கிடந்தது. அவளிடம் போய்க் கேட்பேனா? எடுத்து என் கணினிக்குக் கொடுத்தேன்.

அதை நீக்கவா, இதை மாற்றவா என்று ஒவ்வொன்றுக்கும் ஆம்/இல்லை கேட்டது. 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று வரியின் கடைசியில் சேர்த்துவிட்டு டீ போடப் போகிறேன்.

காயல் நிலையம் · நாள் 213 · 11:20
எல்லாம் பச்சை. அவளைவிட வேகம். பூமிக்கும் தெரிவித்தாயிற்று. டீ நன்றாக இருந்தது.

காயல் நிலையம் · நாள் 213 · 14:15
ஜெசிந்தா ரேடியோவில்: "இங்க பாரேன், நான் ஒன்னுமே செய்யல. பூமியில இருந்து என்னைப் பாராட்டுதாங்க."

என் வேலை. அதற்கும் அவளுக்கே மாலை. தலை வலிக்கிறது.

காயல் நிலையம் · நாள் 213 · 16:30
தலைவலிக்குக் காரணம் தெரிந்தது. காற்று இயந்திரம் நின்றிருக்கிறது. அதை ஓட்டும் நிரலே கணினியில் இல்லை. பூமியின் கிடங்கிலிருந்து திரும்ப எடுக்கப் பார்த்தால், 'இந்த நிலையம் ஏற்கெனவே இணைந்திருக்கிறது' என்று மறுக்கிறது. என்ன உளறல் இது.

அவளைக் கூப்பிட மனம் வரவில்லை. நானே சரிசெய்துவிடலாம் என்று வெகுநேரம் வீணடித்தேன். மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் கூப்பிட்டேன். அவள் சொன்னது:

"என் கோப்பையா போட்ட? காத்து நிரலை நான் அதுல சேர்க்கவே இல்லயே, அதுல இல்லாததையெல்லாம் அழிச்சிருக்குமே. அது ஒன்னை மட்டும் உன்னை மாதிரி பெட்டி திறந்து, படிச்சுப் பாத்துத்தான் அமுக்குவேன். உன் நிதானம் நமக்கு வரலியேன்னு எத்தன நாள் பொறாமப்பட்டிருக்கேன் தெரியுமா. சரி, நிரலை எடுத்துட்டு வண்டியில வாரேன். உடுப்ப மாட்டிக்கோ."

என்னைப் பார்த்து அவளுக்கா.

காயல் நிலையம் · நாள் 213 · 17:25
விண்வெளி உடுப்பில் இருக்கிறேன். புட்டியில் காற்று கொஞ்சம்தான். பள்ளத்தில் இறங்கிவிட்டாள். அங்கே பேச்சு எட்டாது, ஒரே இருட்டு. நிலையம் தன் பெயரை மட்டும் வலுத்த அலையில் ஒலிபரப்பும். அதைப் பிடித்துத்தான் வண்டி வரும்.

இன்னும் காணவில்லை.

காயல் நிலையம் · நாள் 213 · 17:50
இந்தப் பதிவின் தலைப்பை இப்போதுதான் பார்த்தேன். காயல் நிலையம் என்று இருக்கிறது. காலையில் கேட்ட கேள்விகளைத் தேடினேன். 'நிலையத்தின் பெயரை மாற்றவா?' பதில்: ஆம்.

அவள் வண்டி கொற்கையைத் தேடுகிறது. கொற்கை என்று நிலவில் எதுவும் இல்லை.

பெயரைத் திரும்ப மாற்றலாம். கணினியை அணைத்துக் கிளப்ப வேண்டும். 'சூடும் விளக்கும் நிற்கும். திரும்ப வருமென்று உறுதியில்லை. தொடரவா?' முழுதாகப் படித்தேன். இரண்டு தடவை. எழுத்து இரண்டாகத் தெரிகிறது. ஜெசி, நீ கெட்டிக்காரி. அதைத்தான் தாங்க முடிய

ஆம்

கொற்கை நிலையம் · நாள் 213 · 18:40
தானியங்கிப் பதிவு. கணினி கிளம்பியது. பெயர் ஒலிபரப்பு: சரி. காற்று நிரல்: இல்லை. வெளிக்கதவில் வண்டி ஒன்று நிற்கிறது. கதவைத் திறக்கவா? ஆம்/இல்லை.
பதில் இல்லை.
கதவைத் திறக்கவா? ஆம்/இல்லை.
பதில் இல்லை.
கதவைத் திறக்கவா?