மூன்று முறை தள்ளிப்போட்ட கூட்டம்

என் நண்பன், மச்சான் குமரேசனுக்கு,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. நம் வேளாண் ஆபீசில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நான் வயலுக்குப் போவதை விட்டுவிட்டு, பதிவேடுகளுக்கு அட்டை போட்டுப் பொழுதை ஓட்டுகிறேன்.

மானாம்பதி விவசாயிகள் கூட்டத்தை மூன்று முறை தள்ளிவைத்துவிட்டேன். ஒரு முறை காய்ச்சல் என்றேன், ஒரு முறை ஜீப் இல்லை என்றேன். மூன்றாவது முறை காரணம்கூடச் சொல்லவில்லை. உண்மை உனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "எங்க கயனில நாத்து பறிச்சவன் மவந்தான நீ? எங்களுக்கே சொல்ல வந்துட்டியா?" என்று சிரித்தார். கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து வரப்பில் நின்றால் படித்ததெல்லாம் மறந்துபோகும். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள் எனத் தோன்றும்.

நீயோ காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். வேலைக்கு வரும்வரை சேற்றில் கால் வைத்ததில்லை. ஆனாலும் என்ன தைரியம் உனக்கு. பயிர் சிவந்துவிட்டது என்று நான் வரப்பிலிருந்து போன் செய்தால், "இரு மாப்ள, பத்து நிமிஷத்துல கூப்புடறேன்" என்பாய். சொன்னபடி கூப்பிட்டு, "தண்ணிய வடிச்சிட்டு மூணு நாளு காய வுடச் சொல்லு" என்பாய். பயிர் தேறிவிடும். உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பெற்ற நைனா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தப் பட்டுக்காரப் புள்ள போன் வராம பேஜாரா கீதுடா."

"அவன் உனுக்கு இன்னாத்துக்கு நைனா போன் பண்ணான்?"

"பயிருக்கு இன்னா பண்றதுன்னு கேப்பான். தனக்குத் தெரியலன்னு சொல்லிட்டுதான் கேப்பான். அவ்ளோ படிச்சவன், என்னயும் நைனான்னுதான் கூப்புடுவான்."

குமரேசா, நான் வியர்த்துக்கொண்டு காத்திருந்த அந்தப் பத்து நிமிடமும் நீ என் வீட்டுக்குத்தான் பேசிக்கொண்டிருந்தாய். அந்த வயல்களில் நாற்பது வருடம் குனிந்து வேலை செய்த மனிதரை நான் வெளியில் சொல்லிக்கொள்ளாமல் மறைத்தேன். நீ தேடிக் கேட்டாய். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? ஏன் இதை என்னிடம் சொல்லாமலே போனாய், வெட்கப்படுவேன் என்றா?

சோற்றுக் கையோடு அழுதேன். உன் நினைவில் அழுகிறேன் என்று நைனா நினைத்துக்கொண்டார். அதுவும் உண்மைதான். தெரியாது என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிந்த ஒரே ஆபீசர் நீதான்.

நாளை காலை மானாம்பதியில் கூட்டம். தேதியை நானே சொல்லிவிட்டேன். நைனாவைக் கூப்பிட்டேன். "அவுங்க முன்னால நான் எப்டிடா சேர்ல குந்தறது?" என்று மறுத்தார். அரை மணி நேரம் கழித்து, "சீக்கிரம் கெளம்புனா பயிரப் பாத்துக்கினே போலாம்" என்றார்.

எனக்குத் தெரிந்ததை நான் சொல்வேன். தெரியாததை, அத்தனை பேர் முன்னாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் நைனாவிடம் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உன் மாப்ள,
தேவராஜ்