அண்ணே என்று அவள் அழைத்த நாள்

டாக்டரம்மா,

ரேஷன் கார்டைத் தேடி பீரோவைக் குடைந்தபோது அந்தக் கறுப்புக் கண்ணாடி கையில் அகப்பட்டது. மெட்ராஸ் ஐ என்று நானே முடிவு கட்டி என் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தது. நீங்கள் காலமாகி ஒரு மாதமாகிறது. கண்ணாடியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

அவளுக்கு ஒரு கண் மட்டும் சிவந்து, பார்வை புகை மூடினாற்போல இருந்தது. நாலு நாள் பார்த்துவிட்டு உங்களிடம் அழைத்து வந்தேன். சொட்டு மருந்து எழுதித் தருவீர்கள், போய்க் கடையைத் திறக்கலாம் என்ற அவசரம் எனக்கு. நீங்களோ கண்மணியை விரிய வைத்து, லென்ஸைப் பிடித்தபடி வெகுநேரம் உள்ளே பார்த்தீர்கள்.

"காய்ச்சல் இருந்துச்சா?"

"லேசா இருந்துச்சு டாக்டர்."

"பேச்சுல ஏதும் மாத்தம் தெரியுதா? யோசிச்சுச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னேன். முந்தின நாள் அரியக்குடியில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் என்னைப் பார்த்து, "அண்ணே, தண்ணிய இங்குட்டுத் தள்ளுங்க" என்றாள். "கட்டுனவரையே அண்ணனாக்கிட்டியேடி" என்று அவள் தங்கை சொல்ல, பந்தியே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். அவள் மட்டும் ஒன்றும் விளங்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

"கண்ணுக்குள்ள வைரஸ் இருக்கு. கண்ணு நரம்பு மூளையோட சேந்தது. அங்கயும் போயிருச்சோன்னு பயமா இருக்கு. வீட்டுக்குப் போகாதீக. இப்படியே மதுரைக்குக் கெளம்புங்க."

மதுரையில் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். நீங்கள் பயந்தது சரிதான். மூன்று வாரம் நரம்பில் மருந்து ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை யாரென்று நினைக்கிறாள் என்பதே தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மிளகளவு கண்மணி வழியாக அவள் தலைக்குள் நடந்ததைப் பார்த்துவிட்டீர்களே, இன்றைக்கும் எனக்கு மலைப்பு அடங்கவில்லை. பிற்பாடு அதைச் சொன்னபோது, "நான் பாத்தது பாதிதான். மீதியச் சொன்னது அந்த அண்ணேங்குற வார்த்தை" என்றீர்கள். யாராவது சொல் தடுமாறினால் இப்போது நான் சிரிப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறேன்.

அந்தக் கண்ணில் முழுப் பார்வை திரும்பவில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறாள். அடுப்படியிலிருந்து கேட்கிறாள், "ஏங்க, கார்டு கெடச்சுச்சா?"

கார்டு கையில்தான் இருக்கிறது. இன்னொரு தடவை 'ஏங்க' என்று கூப்பிடட்டும் என்று பேசாமல் நிற்கிறேன்.